டெத் சர்டிபிகேட்டும் அப்போஸ்டிலும்: கலிஃபோர்னியா தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகிகள் எல்லாருக்கும் வணக்கம். பெரிய சங்கம் சின்ன சங்கம்னு பிரிக்கல, வெறும் வாட்ஸ்அப் குரூப் வச்சே சமாளிக்கிறவங்களுக்கும் சேர்த்துதான் எழுதுறேன்.

ஒரு வீட்டுல துக்கம்னா நீங்க ஓடி வர்றதை கண்ணால பார்த்திருக்கேன், ஃப்யூனரல் ஹோம் பேசுறது, மூணு வேளை சாப்பாடு, தேவைப்பட்டா நிதி திரட்டுறது, எதுலயும் குறை சொல்ல முடியாது. ஆனா காரியம் முடிஞ்சதும் எல்லாரும் கிளம்பிடுறோம், அதுக்கப்புறம்தான் அந்தக் குடும்பத்துக்கு பேப்பர் வேலையே ஆரம்பிக்குது, அங்க யாரும் இல்ல. அதைப் பத்திதான் இந்த மடல்.

ஊர்லேர்ந்து அப்பா அம்மா ஆறு மாசம் இருந்துட்டுப் போகலாம்னு வர்றாங்க, வந்த இடத்துல ஒருத்தர் தவறிடுறார். ஊர்ல வாரிசு சான்றிதழுக்கு தாசில்தார் ஆபீஸ், பட்டா மாத்த, பேங்க் லாக்கர் திறக்க, எல்ஐசி, பென்ஷன்னு எங்க போனாலும் முதல்ல கேக்குறது இறப்புச் சான்றிதழ். அது அமெரிக்க கவுன்ட்டி, அதாவது இங்கத்த மாவட்டம், கொடுத்த பேப்பரா இருந்தா அப்போஸ்டில் எங்கன்னு கேப்பாங்க, அதாவது பேப்பர்ல இருக்குற கையெழுத்து நிஜம்னு வெளிநாட்டுக்காக அரசு உறுதி பண்ணித் தர்ற தாள். 1961 ஹேக் ஒப்பந்தத்துல அமெரிக்கா 1981லேர்ந்து இருக்கு, இந்தியா 2005லேர்ந்து இருக்கு, அதனால மாநில அரசு ஒட்டித் தர்ற அந்த ஒரு தாள் போதும், கான்சுலேட் சீல் தனியா தேவையில்லைங்கறதுதான் ஒப்பந்தமே. கேக்க சுலபமாத்தான் இருக்கு. சிக்கல் எங்கன்னா, கையெழுத்துல.

ஃப்யூனரல் ஹோம் மூலமா பத்து காப்பி ஆர்டர் பண்ணிடுவோம், நல்ல பேப்பர், நல்ல சீல், எல்லாம் ஒரிஜினல்தான். ஆனா புதுசா நடந்த சாவுக்கு சர்டிபிகேட் பெரும்பாலும் கவுன்ட்டி ஹெல்த் டிபார்ட்மென்ட்லேர்ந்துதான் வரும், கீழ ஹெல்த் ஆபீசர் கையெழுத்து இருக்கும். இதை அப்படியே அப்போஸ்டில் கொடுக்குற கலிஃபோர்னியா செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீஸுக்கு, அதாவது தலைநகர் சாக்ரமென்டோவுக்கு, அனுப்பினா திரும்பி வந்துடும். பேங்க்ல செக் கையெழுத்தை ஸ்பெசிமனோட வச்சுப் பார்ப்பாங்கல்ல, அந்த மாதிரிதான் அந்த ஆபீஸும் பண்ணுது. கவுன்ட்டி கிளார்க் (பேருதான் கிளார்க், கவுன்ட்டியோட அதிகாரி), கவுன்ட்டி பதிவுகளை வச்சிருக்குற ரெக்கார்டர், மாநிலப் பதிவாளரான ஸ்டேட் ரெஜிஸ்ட்ரார் கையெழுத்துன்னா நேரா ஏத்துக்குவாங்க. ஹெல்த் ஆபீசர் கையெழுத்துன்னா முதல்ல அந்த கவுன்ட்டி கிளார்க்கிட்ட போய் இது நிஜமாவே அவர் கையெழுத்துதான்னு சர்டிபை பண்ணி வாங்கணும், இல்லன்னா ரெக்கார்டர்கிட்டயோ ஸ்டேட்டுலயோ வேற காப்பி வாங்கணும். புது கேஸ்ல ரெக்கார்டர்கிட்ட ரெக்கார்டே இன்னும் வந்திருக்காது, அதனால கிளார்க் வழிதான் வேகம். பொறந்த குழந்தையோட பர்த் சர்டிபிகேட்டுக்கும் இதே கதைதான், ஆனா அங்க அவசரம் கம்மி, துக்க வீட்டுல அப்படி இல்ல, ஊருக்கு டிக்கெட் போட்டிருப்பாங்க.

சரி, அப்போஸ்டிலுக்கு எவ்வளவு? ஒரு டாக்குமென்ட்டுக்கு 20 டாலர். தபால்ல சாக்ரமென்டோ, நேர்ல போறதா இருந்தா சாக்ரமென்டோவோ லாஸ் ஏஞ்சலஸோ, நேர்ல போனா உறுதி பண்ண வேண்டிய ஒவ்வொரு அதிகாரி கையெழுத்துக்கும் 6 டாலர் கூட. கவரிங் ஷீட்டுல இந்தியான்னு நாட்டு பேரு எழுதணும், அவ்வளவுதான். இதுக்கு ஏஜென்ட்டுங்க வாங்குற காசைக் கேட்டா வயிறு எரியும். நேரமே இல்லாதவங்க கொடுக்கட்டும், தப்பில்ல. வழி தெரியாததால கொடுக்குறவங்கதான் அதிகம், அது நம்மால தடுக்கக்கூடிய விஷயம்.

இன்னொண்ணு, நம்ம குரூப்ல சுத்துற அந்த மெசேஜ், ஜெராக்ஸ் எடுத்து நோட்டரி பண்ணா போதும்னு, தயவுசெஞ்சு அதை நிறுத்துங்க. கலிஃபோர்னியா நோட்டரிக்கு பவர் ஆஃப் அட்டர்னியையும் தன்னோட சொந்த ஜர்னலையும் தவிர வேற எதையும் உண்மை நகல்னு சர்டிபை பண்ண அதிகாரமே கிடையாது. வாஷிங்டனுக்கு அனுப்புங்கன்னு ஒருத்தர் சொல்வார், அதுவும் தப்பு, அங்க எஃப்பிஐ சர்டிபிகேட் மாதிரி ஃபெடரல் பேப்பர் மட்டும்தான். இங்க நடந்ததுக்கு இங்கதான் வாங்கணும், இப்ப நியூ ஜெர்சில குடியிருக்கோம்னு அங்க கொடுத்தா வாங்க மாட்டாங்க. நியூயார்க் சிட்டின்னா கதையே வேற, ஹெல்த் டிபார்ட்மென்ட்ல சர்டிபிகேட்டோட ஒரு தனி லெட்டர் கேட்டு வாங்கி, மன்ஹாட்டன்னா 60 சென்டர் ஸ்ட்ரீட்ல கவுன்ட்டி கிளார்க்கிட்ட 3 டாலர், அப்புறம் வில்லியம் ஸ்ட்ரீட்ல மாநில ஆபீஸ்ல 10 டாலர். அங்க இருக்குற சங்கங்கள் அதை எழுதி வைக்கட்டும்.

எனக்கு இதை எல்லாம் விட பெரிய கவலை பேருதான். அப்போஸ்டில் கையெழுத்தை மட்டும்தான் உறுதி பண்ணும், உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்கவே பாக்காது, தப்பான பேருக்கு மேலயும் அழகா ஒட்டிக் கொடுத்துடும். நமக்கோ இனிஷியல் பழக்கம். ஆதார்ல ஒரு எழுத்து, பாஸ்போர்ட்ல அதை விரிச்சு அப்பா பேரு, சர்நேம் காலியா இருந்ததால இருக்குற பேரை சர்நேம்ல போட்டு, விசாவுல ஃபர்ஸ்ட் நேமுக்கு எஃப்என்யூ, அதாவது முதல் பேர் தெரியாதுன்னு ஒண்ணு, பத்திரத்துல இன்னொண்ணு. ஃப்யூனரல் ஹோம்ல ஃபார்ம் நிரப்புறப்போ அழுதுட்டு இருக்குற பிள்ளைகிட்ட ஃபர்ஸ்ட் நேம் லாஸ்ட் நேம் கேட்டா அவன் என்ன சொல்லுவான்? பதிவானதுக்கப்புறம் திருத்தணும்னா அஃபிடவிட் போட்டு, ஸ்டேட் வரைக்கும் போய், காத்துக்கிடக்கணும். அந்த டிராஃப்ட்டை பாஸ்போர்ட்டோட ஒப்பிட்டுப் பாக்க கொஞ்சம் நிதானமா இருக்குற ஒரு ஆள் பக்கத்துல இருந்தா போதும், பாதி தொல்லை அங்கயே முடிஞ்சிடும்.

அந்த ஆள் சங்கத்துலேர்ந்து வரணும்னு கேக்குறேன். கமிட்டில கலாச்சாரச் செயலாளர், விளையாட்டுச் செயலாளர் எல்லாம் இருக்காங்க, ஆவணத்துக்குன்னு ஒருத்தரை போடுங்க. வக்கீலா இருக்கணும்னு அவசியமே இல்ல. உங்க கவுன்ட்டில யார் கையெழுத்து போடுறாங்க, கிளார்க் ஆபீஸ் எங்க, அப்பாயின்ட்மென்ட் வேணுமான்னு ஒரு பக்கத்துல தமிழ்ல எழுதி குரூப்ல பின் பண்ணட்டும், கட்டணமும் விதியும் மாறும், வருஷத்துக்கு ஒருதரம் சரிபார்த்தா போதும். பத்து காப்பிக்கும் அப்போஸ்டில் வாங்க வேண்டாம், ரெண்டு மூணு போதும்னும் அதுலயே எழுதிடுங்க, ஊர்ல பாதி இடத்துல ஒரிஜினலைக் காட்டிட்டு ஜெராக்ஸ் கொடுத்தாலே வாங்கிக்குவாங்க.

கொட்டை எழுத்துல ஒரு வரியும் போடுங்க: அப்போஸ்டிலையும் சர்டிபிகேட்டையும் சேர்த்து அடிச்சிருக்குற ஸ்டேப்ளர் பின்னை யாரும் கழட்டக் கூடாது. ஊர்ல பேங்க்ல ஜெராக்ஸ் எடுக்குறவர் முதல் வேலையா அதைத்தான் பிடுங்குவார், பிடுங்கினா அப்போஸ்டில் செல்லாம போயிடும், திரும்ப சாக்ரமென்டோலேர்ந்து ஆரம்பிக்கணும்.

இப்படிக்கு,
சந்தா ஒழுங்கா கட்டுற ஒரு உறுப்பினர், சான் ஹோசே