தசை துடித்தாலே நரம்பு நோயா?

ஆசிரியருக்கு,

கெண்டைக்கால் தசை தானாகத் துடிக்க, நள்ளிரவில் இணையத்தில் தேடினேன். ஏ.எல்.எஸ். என்ற பெயர் கண்ணில் பட்டது; தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் கொடிய நோய் அது. அப்புறம் நான்கு மாதம் தூக்கமே இல்லை. அதன் அறிகுறி இருக்கிறதா என்று தினமும் குதிகாலில் நடந்து பார்ப்பேன், கண்ணாடியில் நாக்கைப் பார்ப்பேன். பயம் கூடக்கூடத் துடிப்பும் கூடியது. நரம்பியல் மருத்துவர் தசை வலிமையைச் சோதித்து, தசையின் மின் செயல்பாட்டை அளக்கும் இ.எம்.ஜி. சோதனையும் எடுத்து, நோய் இல்லை என்றார்.

அந்த நோய் ஆண்டுக்கு லட்சத்தில் சுமார் 2 பேருக்கே வருகிறது. பலவீனமோ தசை மெலிவோ இல்லாத வெறும் துடிப்புக்குத் தூக்கக் குறைவு, காபி, கடும் உடற்பயிற்சி, பதற்றம் போன்றவையே வழக்கமான காரணங்கள்.

கொடிய நோய்களின் அறிகுறிகளை உங்கள் மருத்துவப் பக்கத்தில் வெளியிடும்போது இதையும் தயவுசெய்து சேருங்கள். கை, கால் பலவீனமானால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும், சரி. நோய் பற்றிய பயத்துக்கும் சிகிச்சை உண்டு என்று யாராவது சொல்ல வேண்டாமா?

– ஒரு வாசகர்