நோய் கோட் டி-ல ஆரம்பிச்சா கேன்சர் இல்லன்னு யாரு சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மெடிக்கல் இன்சூரன்ஸ் க்ளெய்ம் ஏன் ரிஜெக்ட் ஆகுதுன்னு நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன். பழைய நோய மறைச்சது, பிரீமியம் கட்ட விட்டதுன்னு எல்லாத்தையும் சொல்லிருந்தீங்க, ஆனா ஃபைல்ல போடுத ஐசிடி கோட் (ஒவ்வொரு நோய்க்கும் உலக அளவுல வச்சிருக்க எழுத்தும் எண்ணும்) பத்தி ஒரு வரி கூட இல்ல. எங்க வீட்டுல இப்ப பிரச்சினையே அதுல தான் ஓடிக்கிட்டு இருக்கு, அதனால எழுதுதேன்.

நான் பாளையங்கோட்டைல இருந்து மெடிக்கல் கோடிங் வேலை பாக்கேன், அதாவது டாக்டர் எழுதுன நோய்க்கு சரியான கோட் போடுத வேலை. ராத்திரி பூரா அமெரிக்கா ஆஸ்பத்திரி சார்ட். நம்ம பக்கத்துல பயாலஜி படிச்ச பிள்ளைங்க நெறைய பேரு இந்த லைனுக்கு வந்துட்டாங்க. அமெரிக்கால 2015 அக்டோபர்ல ஐசிடி-10-சிஎம்முக்கு (ஐசிடி பத்தாவது பதிப்போட அமெரிக்க வடிவம்) மாறினாங்க, கிட்டத்தட்ட 70,000 கோட் இருக்கு, அதுல ஒரு தசம எண் தப்பா போட்டா ஆடிட்ல மறுநாளே கேள்வி வந்துரும். ஆனா இங்க முக்கூடல்ல இருக்க எங்க பெரியப்பா டிஸ்சார்ஜ் சம்மரில டயக்னோசிஸ்னு இருந்தது வெறும் "அனீமியா", கோட் டி64.9, அதாவது என்ன வகைன்னு சொல்லாத ரத்தசோகை.

அவருக்கு இருக்கது பிரைமரி மைலோஃபைப்ரோசிஸ்ங்குற ஒரு வகை ரத்தப் புற்று. எலும்பு மஜ்ஜை இருக்க வேண்டிய எடத்துல தும்பு மாதிரி நாரு வளந்து அடைச்சுக்கிடும், ரத்தம் ஊற எடம் இல்லாம மண்ணீரல் அந்த வேலைய எடுத்துக்கிட்டு பெருசா வீங்கும். நாலு வாய் சோறு சாப்பிட்டதும் வயிறு ரொம்பிட்டுன்னு தட்ட தள்ளி வச்சிருவாரு, இடது பக்கம் கைய வச்சா தொப்புள் வரைக்கும் கெட்டியா தட்டுப்படும், ராத்திரி வேர்த்து தலகாணி உறை நனைஞ்சிரும். இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜைய உறிஞ்சி பாத்தாங்க, ஒரு சொட்டு கூட வரல, அப்புறம் எலும்புலயே சின்ன துண்டு எடுத்து பயாப்ஸி பண்ணி, ஜாக்2-ங்குற ஜீன்ல மாற்றம் இருக்கான்னு பாக்குற டெஸ்ட்டும் பாசிட்டிவ்னு வந்து தான் உறுதி ஆச்சு.

பயாப்ஸிக்கு முன்னால டி64.9 போட்டத நான் குறை சொல்லவே மாட்டேன். சந்தேகத்துல இருக்க நோயை ஓபி (வெளிநோயாளி) பில்லுல கோட் பண்ணக் கூடாது, அறிகுறியத்தான் போடணும்னு எங்களுக்கும் ரூல் உண்டு. ஆனா ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகும் பழைய வரிய அப்படியே காப்பி பண்ணி அடுத்த அட்மிஷன்லயும் போட்டா என்ன ஆகும்? அனீமியாவுக்கு எதுக்கு ஜீன் டெஸ்ட், எதுக்கு மண்ணீரலுக்கு மாத்திரைன்னு இன்சூரன்ஸ்காரங்க கேக்காங்க. அவங்க கைல இருக்க பேப்பர்படி அந்த கேள்வி நியாயம் தான்.

ஒரு வழியா டாக்டர்கிட்ட பேசி மைலோஃபைப்ரோசிஸுக்கான கோட் டி47.4-னு சரி பண்ணி வாங்குனோம். அதுக்கப்புறம் தான் பெரிய இடி. அண்ணன் அவருக்கு எடுத்து வச்சிருந்த க்ரிட்டிகல் இல்னஸ் (பெரிய நோய் வந்தா மொத்தமா பணம் குடுக்குற) பாலிசில கேன்சர்னு க்ளெய்ம் போட்டா, டி37-ல இருந்து டி48 வரைக்கும் "தன்மை நிச்சயமில்லாத அல்லது தெரியாத கட்டிகள்"னு, அதாவது புற்றா இல்லையான்னு உறுதியா சொல்ல முடியாததுன்னு, தலைப்பு இருக்கு, பாலிசி விலக்குலயும் தன்மை தெரியாத கட்டின்னு இருக்கு, அதனால பணம் கிடையாதுன்னு லெட்டர் வந்துட்டு.

இங்க தான் நான் ஒரு கோடரா சொல்ல வேண்டியது இருக்கு. ஐசிடி-10ல கட்டி, கேன்சர் அத்தியாயம் சி00-ல ஆரம்பிச்சு டி48-ல தான் முடியுது, ரத்த நோய் அத்தியாயம் டி50-ல இருந்து தான் ஆரம்பம், அதனால டின்னு பாத்ததும் இது சாதா ரத்தசோகை கூட்டம்னு முடிவு பண்ணுறது முதல் தப்பு. ரெண்டாவது, ஐசிடி-10ஐ உலக சுகாதார சபை ஏத்துக்கிட்டது 1990ல. இந்த நோயில ஜாக்2 மாற்றம் இருக்கதயே 2005ல தான் கண்டுபிடிச்சாங்க, அதனால அந்த தலைப்பு அப்ப இருந்த அறிவ வச்சு எழுதினது. கேன்சர் பதிவேட்டுக்குன்னு தனியா இருக்க ஐசிடி-ஓ மூணாவது பதிப்புல 2001ல இருந்தே இதோட கோட் 9961/3, அந்த கடைசி 3-க்கு அர்த்தம் புற்றுத்தன்மை உள்ளதுன்னு. முந்தின பதிப்புல /1-னு இருந்தத மாத்துனாங்க. 2022ல நடைமுறைக்கு வந்த ஐசிடி-11ல இத நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியாவோட சேத்து 2ஏ20-ங்குற ஒரே குரூப்ல வச்சிருக்காங்க. விலக்கு எழுதி இருக்கதும் திசுவ பாத்து சொன்ன தன்மைய வச்சு தான், அப்ப தலைப்ப பாக்காம பயாப்ஸி ரிப்போர்ட்ட தானே பாக்கணும்?

சொந்தக்காரங்க சில பேரு, நீ கோடர் தானே, சி94.4-னு மாத்தி போட சொல்லு, சி வந்தா பணம் வந்துரும்னு சொல்லுதாங்க. நான் ஒத்துக்கல. அது மைலோஃபைப்ரோசிஸோட திடீர்னு முத்தி வர வேற நோய், வேற வைத்தியம். நாளைக்கு அந்த ஃபைல பாத்து இன்னொரு டாக்டர் மருந்து எழுதினா யாரு பொறுப்பு?

டாக்டர்மார்கிட்ட நான் கேக்கது, பயாப்ஸி வந்ததும் டயக்னோசிஸ முழுசா எழுதுங்க, பிரைமரியா (தானா வந்ததா) இல்ல பாலிசைதீமியால (சிவப்பணு அளவுக்கு மீறி பெருகுற நோய்) இருந்து மாறி வந்ததா, நாரு எந்த கிரேடு, ஜாக்2 என்ன, எல்லாத்தையும். டி47.4 பக்கத்துலயே 9961/3-யும் ரிப்போர்ட்ல வரட்டும். ஆஸ்பத்திரி ரெக்கார்ட்ஸ் செக்‌ஷன்ல இருக்கவங்க சந்தேகம்னா ஊகிக்காதீங்க, டாக்டருக்கு விளக்கம் கேட்டு ஒரு க்வெரி அனுப்புங்க, நாங்க தினமும் பண்ணுத வேலை தான் அது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும் அந்த விலக்கு வரிக்கு கீழ, ரத்தப் புற்று வகைகளுக்கு ஐசிடி-10 தலைப்ப காரணமா காட்டக் கூடாதுன்னு தெளிவா போட்டா நல்லா இருக்கும்.

இதே மாதிரி பாலிசைதீமியா டி45, எசென்ஷியல் த்ராம்போசைதீமியா (தட்டணு அளவுக்கு மீறி பெருகுறது) டி47.3, எம்டிஎஸ் (மஜ்ஜைல ரத்த அணு சரியா உருவாகாத நோய்) டி46 காரங்களுக்கும் இதே லெட்டர் வரலாம். வந்தா விட்டுறாதீங்க. மொதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு பிரிவுக்கு எழுத்துல போடுங்க, ஒரு மாசத்துல பதில் இல்லன்னாலோ திருப்தி இல்லன்னாலோ ஒரு வருசத்துக்குள்ள சென்னைல இருக்க இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன்கிட்ட (குறைகேள் அதிகாரி) போகலாம், ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நாங்க பயாப்ஸி ரிப்போர்ட்டும் 9961/3 பத்தின விளக்கமும் சேத்து கம்பெனிக்கு அனுப்பிட்டு பதிலுக்கு காத்திருக்கோம், வந்ததும் உங்களுக்கு மறுபடியும் எழுதுதேன்.

இப்படிக்கு,
ஒரு மெடிக்கல் கோடர்,
பாளையங்கோட்டை