கிரைண்டருக்கு அடியில் கிடந்த இசைத்தட்டு: ஏழாவது புகார், இதுவே கடைசி

கோயம்புத்தூர்
06.05.2025

பெறுநர்
மேலாளர், கூரியர் நிறுவன வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். எந்தப் பார்சல் என்று விளக்கப் போவதில்லை. அதன் எண்ணை உங்கள் ஆட்களிடம் போனில் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அமெரிக்காவின் டெட்ராய்டிலிருந்து வந்த சதுர அட்டைப்பெட்டி. உங்கள் நீலாம்பூர் குடோனில் அதைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. ஒருவர் அதன்மேல் டீ கிளாஸ் வைத்திருந்தார். அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில் தேதிகளை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் "போதிய விவரம் இல்லை" என்று இந்தப் புகாரையும் மூடிவிடுவீர்கள்.

மார்ச் 3-ம் தேதி டெட்ராய்டில் பார்சல் ஒப்படைக்கப்பட்டது. மார்ச் 11-ல் சென்னை விமான நிலையம் வந்துவிட்டது. எட்டே நாள். அதுவரை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பிறகு கே.ஒய்.சி. வேண்டும் என்றீர்கள். ஆதார் படம் அனுப்பினேன். மங்கலாக இருக்கிறது என்றீர்கள். மறுபடி அனுப்பினேன், பின்பக்கம் இல்லை என்றீர்கள். பின்பக்கமும் அனுப்பினேன், இரண்டும் ஒரே ஃபைலாக வேண்டும் என்றீர்கள். நான்காவது முறை நான் அனுப்பியது முதல் முறை அனுப்பிய அதே படம்தான். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. மார்ச் 29-ல் கஸ்டம்ஸ் வரியும் உங்கள் கட்டணமுமாக 9,860 ரூபாய் கட்டினேன். ஏப்ரல் 5-ல் பார்சல் கோவை வந்தது. 8-ம் தேதி "கதவு பூட்டியிருந்தது" என்று மெசேஜ். அன்று காலையிலிருந்து இரவு வரை நானும் மனைவியும் வீட்டில்தான் இருந்தோம். 10-ம் தேதி உங்கள் ஆப்பில் "டெலிவரி ஆகிவிட்டது. பெற்றுக்கொண்டவர்: வாட்ச்மேன்."

எங்கள் வீட்டுக்கு ஏதுங்க வாட்ச்மேன்? செல்வபுரத்தில் முட்டுச்சந்தின் கடைசியில் ஓட்டு வீடு. வாட்ச்மேன் வைக்கிற வசதி இருந்திருந்தால் இந்த ரெக்கார்டைப் பத்து வருடம் முன்னாலேயே வாங்கியிருப்பேன்.

உள்ளே என்ன இருந்தது என்று உங்கள் தரப்பில் ஒருவர்கூட இதுவரை கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஜாஸ் இசைக் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா', இம்பல்ஸ் கம்பெனி வெளியீடு, ஏ.எஸ். 9203, 1971-ல் அச்சான ஒரிஜினல். நடுவில் கறுப்பு லேபிள், அதைச் சுற்றிச் சிவப்பு வளையம். பச்சை லேபிள் இருந்தால் பின்னாளில் அச்சடித்தது என்று அர்த்தம். உறை புத்தகம் போல விரியும் கேட்ஃபோல்ட். முதுகில் அந்தக் கம்பெனிக்கே உரிய ஆரஞ்சும் கறுப்பும். பெயரில் வரும் சச்சிதானந்தர் யார் என்று உங்கள் கோவை கிளையாவது தெரிந்துகொள்ளட்டும். 1969-ல் அமெரிக்காவில் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய சுவாமிகள். பிறந்தது 1914-ல், நம் கோவைக்குப் பக்கத்து செட்டிபாளையத்தில். ஆலிஸ் கோல்ட்ரேன் பிறந்தது டெட்ராய்டில். ஆக, சிஷ்யை பிறந்த ஊரிலிருந்து கிளம்பிய தட்டு, கடல் தாண்டி, கண்டம் தாண்டி, குருவின் ஊர் வாசல்வரை கீறல் இல்லாமல் வந்தது. அதை ஒழித்துக்கட்ட உங்களுக்குத் தேவைப்பட்டது கடைசி இருபது கிலோமீட்டர்தான்.

தாமதம் எனக்குப் புரியாத விஷயம் இல்லை. ஆலிஸின் கணவர், சாக்ஸஃபோன் மேதை ஜான் கோல்ட்ரேன், மனைவிக்காக ஒரு ஹார்ப்புக்கு (யாழ் மாதிரி பெரிய தந்தி வாத்தியம்) ஆர்டர் கொடுத்தார், அவர் 1967-ல் காலமான பிறகுதான் அது வீடு வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். ஆனாலும் வாசித்துத் தட்டு போடுகிற நிலையில் வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

ஏப்ரல் 14 விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் முக்கால் மணி நேரம் மியூசிக் கேட்ட பிறகு (அந்த மியூசிக்கைப் பற்றித் தனியாக ஒரு புகார் எழுதலாம்) லைனில் வந்த பெண், பார்சல் இன்னும் குடோனில்தான் இருக்கிறது, திங்கள் காலை பத்து மணிக்கு நேரில் போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். திங்கள் சித்திரை ஒன்று ஆச்சே, திறந்திருக்குமா என்று இரண்டு தடவை கேட்டேன். "எஸ் சார், எங்கள் சர்வீஸ் 365 நாளும் உண்டு" என்றார். நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. மேம்பால வேலை நடந்துகொண்டிருந்த அவிநாசி ரோட்டில், பைக்கில், மடக்கிய மெத்தை விரிப்பைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு (தட்டுக்கு அதிர்ச்சி பட்டுவிடக் கூடாதாம், என் புத்தியைப் பாருங்கள்) போய்ச் சேர்ந்தால், ஷட்டரில் பூட்டு. ஒரு பெரியவர் வாசலில் உட்கார்ந்து பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இன்னைக்கு வருசப் பொறப்புங்க, ஆரும் வர மாட்டாங்க" என்றார். நீங்க யாருங்க என்றேன். "வாட்ச்மேனுங்க" என்றார். உங்கள் ஆப் சொன்ன வாட்ச்மேன் இவராகத்தான் இருக்க வேண்டும். அவரிடம் எனக்குக் கோபமே இல்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். உங்கள் நிறுவனம் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

அன்று ஷட்டர் இடுக்கு வழியாகப் பார்த்தேன். தகரக் கூரை. ஃபேன் இல்லை. சித்திரை வெயில் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. வினைல் என்பது வெறும் பி.வி.சி.தான், நம் வீட்டுக் குழாய் மாதிரி. சூட்டில் இளகும், மேலே பாரம் இருந்தால் வளையும். அதனால்தான் ரெக்கார்டை யாரும் படுக்கவைத்து அடுக்க மாட்டார்கள், புத்தகம் மாதிரி நிறுத்தித்தான் வைப்பார்கள். இதெல்லாம் வாங்குகிறவனுக்குத் தெரியும். பணம் வாங்கிக்கொண்டு சுமக்கிற உங்களுக்குத் தெரிய வேண்டாமா? உலகம் முழுக்க எல்.பி. பார்சல்களைக் கொண்டுபோகிறவர்கள் நீங்கள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு மறுபடி போனேன். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்த அந்த நபரைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். கவுன்டரில் எனக்கு முன்னால் யாரும் இல்லை. ஆனாலும் இருபது நிமிடம் போன் பார்த்தார். எண்ணைச் சொன்னதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே திரும்பி, காலால் காட்டினார். கையால்கூட இல்லை. ஒரு ஓரத்தில் இரண்டு லிட்டர் கிரைண்டர் ஒன்று, கல்லோடு, பெட்டியில். அதற்கு அடியில் என் பெட்டி. 'மடக்காதீர்', 'உடையும் பொருள்' என்று அமெரிக்காக்காரர் ஆங்கிலத்தில் சிவப்பில் எழுதியிருந்த பக்கம் மேலே தெரிகிற மாதிரியே வைத்திருந்தார்கள். கிரைண்டரை நானே தள்ளினேன். பெட்டியை எடுத்து மேசையில் வைத்து, கையெழுத்துப் போடும் முன் திறந்து பார்க்க வேண்டும் என்றேன். அவர் அதன்மேல் தன் டீ கிளாஸை வைத்துவிட்டு, "என்னங்க சார், பழைய பிளேட்டுங்களா? இதுக்கா இத்தனை மெயிலு? யூடியூப்ல தட்டுனா வரப்போகுது" என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு இருபது பதில் தோன்றியது. "புதுசா வாங்கிக்கலாமே சார், ரீபிரிண்ட் வருதுல்ல" என்று அவரே கூகுள் பார்த்து வேறு சொன்னார். வருகிறது, மூவாயிரம் சொச்சத்துக்கு. அதுவா விஷயம்? என்னிடம் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' ஆரஞ்சு லேபிள் பிரதி இருக்கிறது. பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் உள்ள வெற்று வளையத்தில், சாய்த்துப் பிடித்தால், வேன் கெல்டர் என்று முத்திரை தெரியும். 1964 டிசம்பரில் அதை ஒலிப்பதிவு செய்த மனிதரே தட்டுக்கும் வெட்டியிருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி. ப்ளூ நோட் என்ற ஜாஸ் கம்பெனியின் பழைய தட்டுகளில் அதே இடத்தில் காது மாதிரி ஒரு சின்னக் கீறல் இருக்கும், அச்சடித்த ஆலையின் அடையாளம். 1966-ல் கம்பெனி கைமாறியதும் காதும் போயிற்று. அந்தக் காது இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிற கூட்டம் நாங்கள். எங்களிடம் வந்து யூடியூப் என்கிறீர்கள்.

அன்று என்னைத் திறந்து பார்க்க விடவில்லை. கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பேன் என்றார். போட்டேன். அந்தக் கையெழுத்தைத்தான் இப்போது "சேதமின்றிப் பெற்றுக்கொண்டார்" என்று எனக்கே திருப்பிக் காட்டுகிறீர்கள்.

வீட்டில் திறந்தேன். உறையின் ஒரு மூலை உள்ளே மடிந்து, முதுகு ஆரஞ்சு இரண்டு விரல் அகலத்துக்குக் கிழிந்திருந்தது. தட்டை டர்ன்டேபிளில் வைத்துக் கண் மட்டத்தில் பார்த்தால் ஒரு பக்க விளிம்பு அப்பளம் மாதிரி எழும்பியிருந்தது. வளைவு விளிம்பில் என்றால் அடிபடுவது முதல் பாட்டு. முதல் பாட்டுதான் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. தம்பூரா கிளம்ப, செசில் மெக்பீயின் பாஸ் (கனத்த குரல் தந்தி வாத்தியம்) அடியில் நடந்து வர, ஆலிஸின் ஹார்ப் மேலே தெளிக்கும். பிறகு ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸஃபோன். இப்போது 1.8 நொடிக்கு ஒரு தடவை, அதாவது தட்டு ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும், முள் மேலே ஏறி இறங்குகிறது. தம்பூராவே அலைகிறது. கச்சேரியில் சுருதி அலைந்தால் பின்வரிசை ஆள்கூட நெளிவான். இந்த ரெக்கார்டில் சுருதிதான் தரை. அந்தத் தரையே ஆடுகிறது. மூன்றாவது சுற்றில் முள் குதித்து நாலு வரி தள்ளிப் போய் விழுந்தது. நிறுத்திவிட்டேன். இன்றுவரை மறுபடி போடவில்லை.

பதினோரு வருடச் சேகரிப்பு இதோடு பாழ். "மிச்சம் நூத்தி நாப்பது இருக்குல்ல" என்கிறார் மனைவி. அது வேறு கணக்கு. தமிழ்நாட்டில் இந்தப் பிரதி இன்னொன்று இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

இவ்வளவுக்கும் உங்கள் பதில் மூன்று வரி. பேக்கிங் சரியில்லாததால் பொறுப்பேற்க இயலாது. உங்கள் பொறுமைக்கு நன்றி. அடுத்த புக்கிங்குக்கு ஐந்நூறு ரூபாய் கூப்பன். கீழே ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி ஒரு லிங்க்.

பேக்கிங் சரியில்லையா? விற்றவர், உறை ஓரம் கிழியக் கூடாது என்று தட்டை உறைக்கு வெளியே எடுத்துத் தனியாக வைத்து, இரு பக்கமும் இரண்டிரண்டு அட்டை கொடுத்து, ரெக்கார்டுக்கென்றே விற்கும் பெட்டியில் அனுப்பியிருந்தார். அனுப்பும் முன் எடுத்த ஒன்பது படங்கள் இணைத்திருக்கிறேன். கிரைண்டர் கல்லைத் தாங்கும்படி அவர் பேக் பண்ணவில்லை என்பது உண்மை. கோவைக்குப் போகிறது என்று தெரிந்திருந்தும் யோசிக்காமல் விட்டது அவர் தப்புதான் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

நான் கேட்பது அதிகம் இல்லை. ரெக்கார்டுக்கு 22,400, அனுப்பும் செலவு 5,100, வரியும் கட்டணமும் 9,860, ஆக 37,360 ரூபாய். அலைந்த அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு லட்சம். சேதம் உங்கள் குடோனில் நடந்தது என்று எழுத்தில் ஒரு வரி. பணத்தைவிட அந்த ஒரு வரி முக்கியம். டெட்ராய்டுக்காரர் தன் பேக்கிங்தான் காரணமோ என்று எனக்கு வருத்தப்பட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். அப்புறம், வாட்ச்மேன் பெயரில் பொய்க் கையெழுத்துப் போட்டது யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. முன்பு இரண்டு தட்டுகள் உங்கள் மூலம் பத்திரமாக வந்திருக்கின்றன. ஆகவே பதினைந்து நாள் பொறுத்துப் பார்ப்பேன். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை, நான் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அதன் விதிகளும் சொல்கின்றன. டர்ன்டேபிளையே ஆணையத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து அந்த முதல் பாட்டைப் போட்டுக் காட்டுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தயவுசெய்து இதை அந்த இரண்டு பேனாக்காரருக்கு ஃபார்வர்டு செய்ய வேண்டாம். ஆறாவது புகாரை அவருக்குத்தான் அனுப்பினீர்கள். அவரே எனக்குப் போன் செய்து, "சார், மறுபடியும் நீங்களா?" என்றார்.

இன்னொன்று. என் பெட்டியின் மேல் அந்தக் கிரைண்டரின் சீட்டு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பொள்ளாச்சி முகவரி. அவருக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாவம், அவர் ஆப்பிலும் வாட்ச்மேன் வாங்கியிருக்கப் போகிறார்.

பெட்டி, உறை, தட்டு எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கிறேன், டீ கிளாஸ் வட்டம் உட்பட. ஆய்வுக்கு ஆள் அனுப்புவதானால் மாலை ஆறு மணிக்கு மேல் அனுப்பவும். காலிங்பெல் இரண்டு வாரமாக ரிப்பேர். கதவைத் தட்டவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
செல்வபுரம்.

இணைப்பு: படங்கள் 9, வரி ரசீது, ஆதார் நகல் (ஐந்தாவது முறை).