‘ஓரமாக’ என்றால் எந்த ஓரம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பழைய படங்கள் பகுதியில் பாப் ஃபாஸியின் ‘கேபரே’ (1972) பற்றி முக்கால் பக்கம் வந்திருந்தது. ராசிபலனுக்கு மூன்று பக்கம் போக முக்கால் பக்கமாவது மிஞ்சியதே என்று ஆவலோடு உட்கார்ந்தேன். “ஆட்டமும் பாட்டமுமாக ஜாலியாகப் போகும் படம், நாஜி அரசியல் ஓரமாக வந்து போகிறது” என்ற வரிக்கு வந்ததும் கையிலிருந்த காபி ஆறிவிட்டது.

எந்த ஓரம் என்று தயவுசெய்து சொல்ல வேண்டும். கதை நடக்கும் பெர்லின் இரவு விடுதியான கிட் காட் கிளப்பின் மேலாளர் நாஜி சீருடைக்காரன் ஒருவனை வெளியே தள்ளுகிறார். பிறகு மேடையில் தொடையைத் தட்டித் தட்டி ஆடும் பவேரிய ஆட்டம். இங்கே ஒவ்வொரு தட்டுக்கும் அங்கே இருட்டில் அதே மேலாளருக்கு உதை விழுகிறது. படம் முடியும்போது கோணல் கண்ணாடியில் பார்வையாளர்களின் பிம்பம் தெரிகிறது. வெளியே தள்ளப்பட்ட அந்தச் சீருடை இப்போது மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறது. வாசலிலிருந்து மேஜைவரை அது நடந்து வருவதுதான் ஐயா படமே. கதாநாயகி லிஸா மின்னெல்லியின் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஓரமாகத்தான் தெரிந்திருக்கும். கிளப்பில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அப்படித்தானே தெரிந்தது?

ஜெர்மன் நாடாளுமன்றத்தில் நாஜிக் கட்சிக்கு 1928 தேர்தலில் 12 இடம், 1930 செப்டம்பரில் 107 இடம் என்பது தாங்கள் அறியாததல்ல. உலகப் போர் தொடரை இரண்டு வருடம் நடத்தியவர் தாங்கள். படத்தின் கதை நடப்பது 1931இல். அதாவது, 107 பேர் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு. அப்போதும் சீமான் மாக்ஸிமிலியன் காரில் சாய்ந்துகொண்டு, இவர்கள் வெறும் போக்கிரிகள், கம்யூனிஸ்டுகளை ஒழித்துத் தரட்டும், பிறகு நாம் அடக்கிக்கொள்ளலாம் என்கிறான். தங்கள் கட்டுரையாளரும் அந்தக் காரில்தான் ஏறி வந்திருக்கிறார் போலிருக்கிறது.

அடுத்த தவறு இதைவிட அழகு. பீர் தோட்டத்தில் அந்தப் பையன் பாடும் பாட்டு “அக்காலத்தில் நாஜிகள் பாடிய உண்மையான பாட்டு” என்று அடித்துச் சொல்லியிருக்கிறீர்கள். 1966இல் அரங்கேறிய மேடை நாடகத்துக்காக ஜான் காண்டர் மெட்டமைக்க, ஃபிரெட் எப் எழுதிய பாட்டு அது. இருவரும் யூதர்கள். நாஜி அணிவகுப்பில் அந்தப் பாட்டு ஒலிக்க வேண்டுமானால் ஹிட்லர் 1966 வரை உயிரோடு காத்திருக்க வேண்டும்.

அந்தப் பாட்டைப் பற்றி எனக்குப் படித்துத் தெரிய வேண்டியதில்லை. 1981இல் எங்கள் ஊர் திரைப்படச் சங்கத்தில் இந்தப் படத்தைப் போட்டோம். உறுப்பினர்கள் நாற்பத்திரண்டு பேர், சந்தா கட்டியவர்கள் பதினொரு பேர். கஜானா காலி. மஞ்சள் தாளில் ‘கேபரே – வயது வந்தோருக்கு மட்டும்’ என்று நோட்டீஸ் அடித்தோம். அச்சகத்தில் ரெக்கார்டு டான்ஸ் கோஷ்டிக்காகச் செய்து வைத்திருந்த படம் அச்சடிக்கும் பழைய பிளாக் ஒன்று கிடந்தது. குடைப் பாவாடை, ஒரு காலைத் தூக்கிய பெண். அதையும் சேர்த்து அடித்துவிட்டோம். நம் ஊரில் கேபரே என்றால் எதை நினைப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தோம். நிற்க இடமில்லாத கூட்டம். முதல் ரீலில் விசில். இரண்டாம் ரீல் முடிவதற்குள் பாதிப் பேர் காசைத் திருப்பிக் கேட்டார்கள். காசு வாங்கிப் போட்டவன் நான் என்பதால் வசவு முழுவதும் எனக்கே கிடைத்தது.

அந்த ரகளையெல்லாம் ஓய்ந்து நான் கதவோரம் நின்றபோதுதான் பீர் தோட்டம் வந்தது. வெயில், பொன்னிற முடி, தேன் போன்ற குரல். என் செருப்பு சிமெண்டுத் தரையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. கேமரா மெல்லக் கீழே இறங்கிக் கைப்பட்டையைக் காட்டியது, ஸ்வஸ்திகா. என் கால் நின்றது. புரொஜெக்டர் ஓட்டியவருக்கு ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. தோட்டத்து ஜனம் ஒவ்வொருவராக எழுந்து நின்று கத்திப் பாடி முடிக்கும்வரை அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். திரையில் ஒரே ஒரு கிழவர்தான் எழவில்லை. “இன்னமும் இவர்களை அடக்க முடியும் என்று நினைக்கிறாயா?” என்று மாக்ஸிடம் கதாநாயகன் பிரையன் கேட்கிறான். அதற்குப் பதிலாக ஒரு தோள் குலுக்கல்தான்.

இன்னொன்று. மூலக்கதை எழுதியவரை ‘இஷர்வுட் என்ற யாரோ ஓர் ஆங்கிலேயர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோவா? சுவாமி பிரபவானந்தரோடு சேர்ந்து பகவத்கீதையை ஆங்கிலத்தில் கொடுத்தவர், 1965இல் ராமகிருஷ்ணர் வரலாறு எழுதியவர் ஐயா. என் மாமனாரின் பூஜை அலமாரியில் குங்குமப் பொட்டோடு அந்தப் புத்தகம் இருந்தது. அதே கைதான் பெர்லின் இரவு விடுதியையும் எழுதியது என்று கடைசிவரை நான் அவரிடம் சொல்லவில்லை.

நான் எழுதுவதை எவ்வளவு தூரம் போடுவீர்கள் என்பதும் தெரியும். நான்கு வருடத்துக்கு முன் இதே படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியதாக எழுதினீர்கள். வாங்கியது எட்டு ஆஸ்கர். ஃபாஸிக்கு இயக்குநர் விருதும் உண்டு. ஆனால் சிறந்த படம் ‘காட்ஃபாதர்’ என்று மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். “தங்கள் இதழைத் தவறாமல் படித்து வருகிறேன்” என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். அதற்காக நன்றி.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பாட்டைப் பற்றி ஒரு வரித் திருத்தம் போடுங்கள், முடிந்தால் ராசிபலனுக்குக் கீழே வேண்டாம். அடுத்து, மூன்று வருடத்துக்கு முன் சிறப்பிதழுக்கென்று கேட்டு வாங்கிய அந்த மஞ்சள் நோட்டீஸ். என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அதைச் சிறப்பிதழிலும் காணவில்லை, தபாலிலும் காணவில்லை. சென்ற இதழில் கண்டேன். ‘படத்தில் ஒரு காட்சி’ என்று போட்டு, கட்டுரை மூலையில் ஒரு காலைத் தூக்கி நிற்கிறாளே, அவள் பெர்லின் பக்கம் போனதே இல்லை. எங்கள் அச்சகத்து ரெக்கார்டு டான்ஸ் பிளாக் அவள்.

நோட்டீஸை மடிக்காமல் அனுப்பவும். அஞ்சல்தலை ஒட்டிய உறை இத்துடன் உள்ளது.

இப்படிக்கு,
முப்பத்தோரு வருடச் சந்தாதாரர்,
கும்பகோணம்