மூக்கு எத்தனை அங்குலம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் எஸ்டி40-2 டீசல் ரயில் எஞ்சினின் எச்ஓ மாடலுக்கு (அசலில் 87இல் ஒரு பங்கு அளவு) எழுதப்பட்ட மதிப்புரையைப் படித்தேன். காலிப்பர் என்ற அளவுக்கருவியை வைத்து அத்தனை இடத்திலும் அளந்த பொறுமைக்குப் பாராட்டு. ஆனால் ‘மூக்கு இரண்டு மில்லிமீட்டர் குட்டை, ஆகவே அசலைப் போல இல்லை’ என்ற தீர்ப்பைத்தான் ஏற்க முடியவில்லை. எந்த அசலை?

அமெரிக்காவின் இஎம்டி நிறுவனம் 1972இல் கட்டத் தொடங்கிய இந்த எஞ்சினுக்கு மூக்கு, அதாவது டிரைவர் கேபினுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, ஒரே நீளத்தில் வந்ததில்லை. 81 அங்குலத்தில் உண்டு, 88 அங்குலத்திலும் உண்டு. ரயிலின் நடுவில் கோத்த எஞ்சின்களை ரேடியோ வழியாக இயக்கும் கருவிக்கு இடம் வேண்டியபோது 116, 123 அங்குலம் வரை நீட்டினார்கள். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன், சதர்ன் ஆகிய ரயில்வேக்களோ மூக்கைக் கேபின் உயரத்துக்கே தூக்கிக் கட்டச் சொல்லி வாங்கின. 81க்கும் 88க்கும் நடுவில் உள்ள ஏழு அங்குலத்தை 87ஆல் வகுத்துப் பாருங்கள், இரண்டு மில்லிமீட்டர்தான் வரும்! மதிப்புரையாளர் கையில் இருந்தது 88 அங்குல வரைபடம், மேசையில் இருந்தது 81 அங்குல மூக்கு என்று சந்தேகப்படுகிறேன்.

எஞ்சின் நம்பரையும் ஆண்டையும் சொல்லாமல் ஒரு மாடலைச் சரி, தப்பு என்று சொல்ல முடியாது. ஓடுகிற காலத்தில் ஹாரன் இடம் மாறும், கேபின் கூரையில் ஏசி ஏறும், கைமாறினால் பெயின்ட்டும் மாறும். 1970களின் பெயின்ட்டில் வரும் அமெரிக்க எஞ்சினுக்கு டிட்ச் லைட் (முகப்பில் தாழ்வாக இருபுறமும் எரியும் விளக்கு) வைத்திருந்தால் பெரும்பாலும் பிழை. அதே எஞ்சினை 1998க்குச் செய்தால், அந்த விளக்கு இல்லாததுதான் பிழை. நானும் சூடுபட்டவன்தான். ஒரு புகைப்படத்தைப் பார்த்து ஹாரனைப் பிடுங்கி வேறு இடத்தில் ஒட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, படம் என் மாடலின் பெயின்ட்டுக்குப் பத்து வருஷம் பிந்தியது.

சக்கரம் தடிமன் என்று மதிப்புரை சொன்ன குறையும் அப்படித்தான். அசல் சக்கரத்தின் அகலம் சுமார் 14 சென்டிமீட்டர். அதை அப்படியே சுருக்கினால் 1.6 மில்லிமீட்டர். வழக்கமான எச்ஓ சக்கரம் 2.8 மில்லிமீட்டர். வீட்டுத் தண்டவாளத்தின் இறுக்கமான வளைவிலும் தடம் பிரியும் பாயிண்ட்டுகளிலும் தடம் புரளாமல் ஓடுவதற்காகச் செய்துகொண்ட சமரசம் இது. இதற்காகவே போகியின் (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம்) பக்கச் சட்டமும் வெளியே தள்ளி நிற்கிறது. இதைப் பிழைக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. மோட்டாரை நுழைக்க ஹூட்டையே (எஞ்சினை மூடும் நீளக் கூடு) அகலமாக்கிய பழைய மாடல்களின் கதை வேறு. அங்கே நடைபாதை ஒடுங்கி, முகமே மாறிவிடும். அந்தச் சமரசம் எனக்கு ஒத்துவராது. மில்லிமீட்டர் கணக்கு தெரியாதவர்கூட ‘என்னமோ குண்டாக இருக்கிறதே’ என்பார்.

இஎம்டியின் பழைய எஃப்7 மாதிரி வளைந்த முகமுள்ள எஞ்சின் என்றால் காலிப்பர் கைவிட்டுவிடும். முன்கண்ணாடியின் சாய்வும் மூக்கின் வளைவும் கூடும் இடத்தைக் கண்தான் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். அசலை 20 மீட்டர் தள்ளி நின்று எடுத்த படம் கிடைத்தால், மாடலை 23 சென்டிமீட்டர் தள்ளி, தண்டவாளத்துக்கு 18 மில்லிமீட்டர் மேலே கேமராவை வைத்து அதே கோணத்தில் எடுங்கள். தரையில் நிற்கிறவரின் கண் உயரம் 1:87இல் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் முகம் சரியா இல்லையா என்பது பளிச்சென்று தெரியும். மேலிருந்து குனிந்து பார்த்து எந்த மாடலுக்கும் மார்க் போடாதீர்கள்.

அடுத்த மதிப்புரையிலிருந்து, ஒப்பிட்ட அசல் எஞ்சினின் நம்பரையும் படம் எடுத்த ஆண்டையும் முதல் வரியிலேயே போடும்படி கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் அந்த எஸ்டி40-2இன் மூக்கையும், அதன் நம்பருக்கு உரிய படத்தை வைத்து இன்னொரு தடவை அளக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்