ராபனுக்கு ஒரே வித்தைதான், சரி. அதை யார் தடுத்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் உலகின் சிறந்த கால்பந்து விங்கர்களைப் பற்றி, அதாவது ஓரத்தில் ஆடுகிற தாக்குதல்காரர்களைப் பற்றி, அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் நெதர்லாந்தின் ஆர்யன் ராபனுக்குக் கிடைத்தது இரண்டே வரி: கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி ஒரே வித்தையைச் செய்தவர், சும்மா சும்மா காயப்படுகிற கண்ணாடிக் கால்காரர். வியாசர்பாடியில் காலையில் பையன்களுக்குப் பந்து கற்றுக்கொடுக்கிற எனக்கு அதைப் படித்ததும் டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

ஒரே வித்தைதான், ஒப்புக்கொள்கிறேன். வலது ஓரத்தில் பந்தை வாங்குவார், உள்ளே திரும்புவார், இடது காலால் தூரத்து போஸ்ட்டுக்குச் சுழற்றி அடிப்பார். எதிரணியில் ஓரத்தைக் காக்கிற ஃபுல்பேக்குக்கும் கோல்கீப்பருக்கும் தெரியும், டிவி பார்க்கிற நமக்கும் தெரியும். தெரிந்தும் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கிளப்புக்காக மட்டும் 309 ஆட்டத்தில் 144 கோல். எங்கே திரும்புவார் என்பதில் ரகசியமே இல்லை, எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடி சின்னச் சின்னதாக வைத்து ஒவ்வொரு அடிக்கும் பந்தைத் தொட்டுக்கொண்டே வருவார், அதனால் எந்த நொடியிலும் உள்ளே வெட்டித் திரும்ப முடியும், தடுக்கிறவன் ஒரு காலைத் தூக்கி எடை மாற்றுகிற அந்த நொடிக்காகத்தான் காத்திருப்பார். சரி, முன்கூட்டியே உள்பக்கத்தை அடைத்துவிடலாம் என்று பார்த்தால், வெளிப்பக்கமாகப் பின்னாலிருந்து அதே பயர்ன் அணியின் ஃபுல்பேக் ஃபிலிப் லாம் ஓடி வருவார். இரண்டு வாசலையும் ஒரே ஆள் எப்படிக் காப்பது?

நான் ஆடிய காலத்தில் ரைட் அவுட், அதாவது வலது ஓர விங்கர், என்றால் வலது கால்காரன்தான். கோடு வரைக்கும் ஓடு, கோல் முன்னால் பந்தைத் தூக்கி கிராஸ் போடு, அவ்வளவுதான் வேலை. இப்போது என்னிடம் வருகிற பையன்களில் ஒருவன் சுத்தமான இடது கால்காரன். அவனைப் பிடித்து வலது பக்கம் நிறுத்தினேன். "அண்ணா, இந்தப் பக்கம் எனக்கு கிராஸே வராதுண்ணா" என்று அழாத குறை. போனில் ராபனின் ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன், 2010இல் இத்தாலியின் ஃபியோரென்டினா அணிக்கு எதிராக அவர் தூரத்திலிருந்து அடித்த கோல். அதற்கப்புறம் அவன் கிராஸ் பேச்சையே எடுக்கவில்லை. பாஸ் கொடுக்கிறதையும் விட்டுவிட்டான், அது வேறு தலைவலி.

நெதர்லாந்தில் க்ரோனிங்கன் நகரத்துப் பக்கத்தில் பேடும் என்ற சின்ன ஊர்க்காரர் இவர். பி.எஸ்.வி., செல்சி, ரியல் மாட்ரிட் என்று போன கிளப்பிலெல்லாம் லீக் பட்டம் வாங்கினார். 2009இல் ரொனால்டோவும் காகாவும் வந்ததும் மாட்ரிட்டில் இவருக்கு இடமில்லாமல் போனது. பயர்னுக்கு வந்த முதல் ஆட்டத்திலேயே மாற்று ஆளாக இறங்கி இரண்டு கோல்.

எனக்கு இவரைப் பிடிப்பது கோப்பைகளுக்காக இல்லை. 2010 உலகக்கோப்பை இறுதி ஆட்டம், நமக்கு நள்ளிரவு, தெருவே விழித்திருந்தது. ஸ்பெயின் கோல்கீப்பர் கசியாஸ் ஒருவர் மட்டும்தான் எதிரே, இவர் அடித்த பந்து அவர் காலில் பட்டு வெளியே போனது. ஸ்பெயின் ஜெயித்தது. காயத்தோடு ஆடியதில் அடுத்த பாதி சீசன் பயர்னுக்கு இவர் இல்லை. அந்த நஷ்டத்துக்கு ஈடாக பயர்னும் நெதர்லாந்தும் ஒரு நட்பு ஆட்டம் ஆடுவதாக ஏற்பாடு. அந்த ஆட்டம் எப்போது வந்தது தெரியுமா? 2012 மே மாதம், பயர்னின் சொந்த மைதானத்தில் நடந்த, ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதியில் செல்சிக்கு எதிராக இவர் பெனால்டியைக் கோட்டைவிட்ட மூன்றாம் நாள். நெதர்லாந்துச் சட்டையில் இறங்கியவரை பயர்ன் ரசிகர்களே விசிலடித்து அவமானப்படுத்தினார்கள்.

வேறு ஆளாக இருந்தால் அந்த வாரமே பெட்டியைக் கட்டியிருப்பார். இவர் இருந்தார். சரியாக ஒரு வருடம் கழித்து லண்டன் வெம்ப்ளியில் அடுத்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் டார்ட்மண்டுக்கு எதிராக முதல் கோலுக்குப் பந்தைக் கொடுத்ததும் இவர், 89ஆவது நிமிடத்தில் வெற்றி கோல் அடித்ததும் இவர். அந்தக் கோலைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். வலது ஓரமும் இல்லை, வெட்டும் இல்லை, சுழற்றலும் இல்லை. நடுவில் நேராகப் புகுந்து, கோல்கீப்பரைத் தாண்டிப் பந்தை மெதுவாக உருட்டிவிட்டார். ஒரே வித்தை தெரிந்தவராம்!

விழுந்து நடிப்பார் என்ற குற்றச்சாட்டை நான் மறுக்க வரவில்லை. 2014 உலகக்கோப்பையில் மெக்சிகோ ஆட்டத்தில் ஒருமுறை வேண்டுமென்றே விழுந்ததை அவரே ஒப்புக்கொண்டார். என் பையன்கள் அதைச் செய்தால் கிரவுண்டைச் சுற்றி ஓடவிடுவேன்.

அப்புறம் அந்தக் கண்ணாடிக் கால். 2019இல் ஓய்வு பெற்றவர், அடுத்த வருடம் 36 வயதில் தன் பழைய க்ரோனிங்கன் கிளப்புக்காகத் திரும்பி வந்தார். முதல் லீக் ஆட்டத்திலேயே காயம், மாதக்கணக்கில் வெளியே. 2021 மே மாதம் எம்மன் அணிக்கு எதிராக ஆடி இரண்டு கோலுக்குப் பந்து கொடுத்துவிட்டுத்தான் ஷூவைக் கழற்றினார். 2023இல் ராட்டர்டாம் மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் ஓடி முடித்திருக்கிறார். 42 கிலோமீட்டர். கட்டுரை எழுதியவர் ஒரு நாள் காலை ஐந்தரைக்கு எங்கள் கிரவுண்டுக்கு வந்தால் நாலு ரவுண்டு சேர்ந்து ஓடலாம், டீ என் செலவு.

இப்படிக்கு,
ஒரு பழைய ரைட் அவுட்,
வியாசர்பாடி, சென்னை