ஈம் பாரிஷின் பதிவேடுகளுக்கும் கல்லறைக் கற்களுக்கும் உங்கள் உதவி வேண்டும்

வணக்கம். ஷெஃபீல்டு, மான்செஸ்டர் பக்கமிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் டார்பிஷயரின் ஈம் கிராமத்தைப் பார்க்க நம்மவர்கள் குடும்பத்தோடு வருவதுண்டு. கொள்ளைநோய் கிராமம் என்று கேள்விப்பட்டுத்தான் வருகிறார்கள், மியூசியத்தைச் சுற்றிப் பார்த்து, தேவாலயத்துக்கு முன்னால் போட்டோ எடுத்து, ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் அந்தக் கதைக்கு வெளியே இந்தச் சின்ன பாரிஷில், அதாவது ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப்பகுதியில், யாரும் தொகுத்து வைக்காமல் கிடப்பது ஏராளம். அதைச் சேர்த்து வைக்கத்தான் ஊர்க்காரர்களும் எங்களைப் போல வந்து குடியேறியவர்களுமாக ஒரு சிறு குழுவாக இருக்கிறோம். இப்போது கையில் காசு தீர்ந்துவிட்டது, அதனால் கேட்கிறோம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1665 கோடை முடிவில் லண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்குத் துணி வந்தது, நோயும் கூடவே வந்தது என்பார்கள். அங்கே வேலைக்கிருந்த ஜார்ஜ் விக்கர்ஸ் செப்டம்பர் 7 அன்று அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு ஜூனில் குருவானவர் வில்லியம் மாம்பெஸனும், அவருக்கு முன்னால் பதவி இழந்திருந்த தாமஸ் ஸ்டான்லியும் சேர்ந்து பேசி, நோய் வெளியே பரவாதிருக்க ஊரே தன்னைத் தானே அடைத்துக்கொண்டது. சாவு நின்றது 1666 நவம்பரில். இறந்தவர்கள் 260 பேர் என்று ஊரில் சொல்வார்கள்.

இந்த எண்ணிக்கையே தேவாலயப் பதிவேட்டிலிருந்து வந்ததுதான். வெகுகாலம் வரை, ஊரில் மொத்தம் 350 பேர்தான், அதில் 260 பேர் போய்விட்டார்கள் என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று பதிவேட்டில் உள்ள பெயர்களைக் குடும்பம் குடும்பமாகக் கோத்துப் பார்த்தபோதுதான், ஊரில் அதைப்போல இரண்டு மடங்கு, 700 பேர் வாக்கில் இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. 2016-இல் வந்த ஒரு தொற்றுநோய் ஆய்வு, யார் யாருக்கு உறவு, எந்த வீட்டில் யார் முதலில் இறந்தார் என்ற இதே விவரங்களை வைத்து, நான்கில் மூன்று பங்கு தொற்று எலிகளிடமிருந்து நேரடியாக வரவில்லை, மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவியிருக்கிறது என்று கணக்கிட்டது. யாரோ ஒரு குமாஸ்தா மையில் கிறுக்கி வைத்த பெயர்ப் பட்டியல் 350 வருஷம் கழித்து இப்படிப் பயன்பட்டிருக்கிறது. நாங்கள் பணம் கேட்பது இந்த மாதிரி வேலைக்குத்தான், ஆனால் அந்தப் பதினான்கு மாதத்துக்கு மட்டுமல்ல, அதற்குப் பிந்தைய தலைமுறைகளுக்கும் சேர்த்து.

பதிவேட்டைப் படிப்பது லேசான காரியம் இல்லை. 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல், அதனால் 1665 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் அது நம் கணக்கில் 1666. பெண்கள் பல இடங்களில் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறார்கள். 1754-க்குப் பிறகு திருமணப் பக்கங்களில் மணமக்களே கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் வந்தது, எழுதத் தெரியாதவர்கள் ஒரு சிலுவைக் குறி போட்டார்கள். அந்தக் குறிகளைப் பார்த்துக்கொண்டே போனால் நேரம் போவது தெரியாது: ஒன்று பேனா உடைந்துவிடும் போல அழுத்தி, ஒன்று நடுங்கி, ஒன்று காகிதத்தின் ஓரத்துக்கே ஓடிப்போய். ஞானஸ்நானத்துக்கு 1813-இலிருந்துதான் அச்சிட்ட படிவம், அதில் தகப்பனின் தொழிலும் தெரியவரும். இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது மலைக்கு அடியில் இருந்த ஈயச் சுரங்கம்தான். அந்தக் குடும்பங்களைப் பற்றிச் சுற்றுலாப் பலகையில் ஒரு வரிகூட வராது, எங்களுக்கு அதில் வருத்தம்தான்.

பதிவேடுகளாவது பத்திரமாக இருக்கின்றன. கற்கள் அப்படி இல்லை. தேவாலய முற்றத்தில் உள்ள மணற்கற்களுக்குள் மழைநீர் இறங்கி, குளிரில் உறைந்து விரிந்து, எழுத்து இருந்த மேல்தோலே ஏடு ஏடாகக் கழன்று விழுகிறது. ஒரு கல்லில் போன வருஷம் படித்த குடும்பப்பெயர் இந்த வருஷம் பாதிதான் இருக்கிறது. கம்பித் தூரிகையும் பிளீச்சும் போட்டுத் தேய்க்கக் கூடாது, அது கல்லையே கொன்றுவிடும். நாங்கள் செய்வது, வெளிச்சம் மங்கிய நேரத்தில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, நிழலில் எழும்பும் எழுத்தைப் படமெடுப்பது. பகலில் வெறும் கல்லாகத் தெரிந்ததில் ஒரு குழந்தையின் பெயரும் வயதும் அப்படித்தான் மேலே வந்தது.

கொள்ளைநோயில் இறந்தவர்களில் பலருக்குக் கல்லே கிடையாது, தோட்டத்திலும் வயலிலும் வீட்டாரே புதைத்தார்கள். எலிசபெத் ஹான்காக் 1666 ஆகஸ்டில் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தானே புதைத்த இடம் ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கிறது, அதையாவது நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு பார்த்துக்கொள்கிறது. மற்றவர்களுக்குப் பதிவேட்டில் உள்ள ஒரு வரிதான் கல்.

சரி, பணம் எதற்கு? நல்ல கேமராவும் விளக்கும், முற்றத்தை அளந்து எந்தக் கல் எங்கே என்று வரைபடம் போடும் செலவு, மேட்லக்கில் உள்ள ஆவணக் காப்பகத்திலிருந்து பக்கங்களின் பிரதி வாங்கும் கட்டணம், எல்லாவற்றையும் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கும் செலவு. படிப்பது, தட்டச்சு செய்வது, சரிபார்ப்பது எல்லாம் நாங்களே, அதற்கு ஒரு பென்னியும் எடுப்பதில்லை. நாங்கள் பதிவுபெற்ற அறக்கட்டளை இல்லை, ஆகவே கிஃப்ட் எய்டில் பவுண்டுக்கு 25 பென்ஸ் சேர்த்துத் தரும் அரசுப் பணம் எங்களுக்கு வராது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ஐந்து பவுண்டு கொடுத்தாலும் சந்தோஷம்தான். கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை வரவு, செலவு, ரசீது சகிதம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புவோம். உறைபனி தொடங்குவதற்குள், அதாவது அக்டோபர் முடிவதற்குள் கிடைத்தால் மோசமான நிலையில் உள்ள வடக்குப் பக்கக் கற்களை இந்த வருஷமே படமெடுத்துவிடலாம்.

பணம் கொடுக்க வசதிப்படாதவர்கள் இன்னொன்று செய்யலாம். உங்களோடு வேலை செய்பவர்களிலோ பக்கத்து வீட்டிலோ சிடால், ஃபர்னஸ், பிளாக்வெல், ஃப்ரித், ஹான்காக் என்று ஈமின் பழைய குடும்பப்பெயர் உள்ளவர்கள் இருந்தால், டார்பிஷயர் பூர்வீகமா என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால், பாட்டி வீட்டைக் காலி செய்யும்போது பழைய போட்டோக்களையும் கடிதங்களையும் குப்பையில் போட்டுவிடாமல் எங்களிடம் காட்டச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்துகொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவோம்.